கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட்

“அந்தச் சேர்ட்டை என்ட கையில தாங்கம்மா.”

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று சட்டத்தரணி கலீலுர் றஹ்மான் காலையில் மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பியிருந்தார். “தூரத்தில நிண்டு போன்ல ரெண்டு படம் எடு. மகன்ட சேர்ட்தான் எண்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா. கையில மட்டும் கேட்டிடாத, றிஷானா. அந்த மனிசி அத ஒருத்தருக்கும் குடுக்கிறல்ல.”

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற றொபேட் அண்ணன், “சரி, வேலை போச்சு. நான் போய் ஓட்டோவத் திருப்பி வைக்கிறன்” என்று முணுமுணுத்தார்.

றொபேட் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் விசாரணைக்குப் போகிற இடமெல்லாம் அவருடைய ஓட்டோவும் வரும். சட்டத்தரணி தருவது பெற்றோலுக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை என்பார். வாயை எனக்கு இலவசமாகவே தந்துகொண்டிருந்தார்.

கதிரையில் இருந்த தங்கரத்தினம் அம்மா மடியிலிருந்த சேர்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். “எதுக்குப் பிள்ள?”

“நாளைக்குக் கோட்டில இதுதான் சாட்சி. மற்றப் பக்கத்து லோயர் எடுத்து இழுத்துப் பாப்பார். அவர் பாக்க முந்தி நான் பாக்கணும்.”

ஆறு வருஷத்துக்கு முன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐந்து பேருடன் போன பலநாள் படகு திரும்பவில்லை. ஐவரில் ஒருவன் இந்த அம்மாவின் ஒரே மகன் ஜெனிஸ்டன். மற்ற நாலு வீட்டிலும் மரணப் பதிவு எடுத்துப் பூசையும் கொடுத்துவிட்டார்கள். இந்த வீட்டில் இல்லை. போன மார்கழியில் ஜெனிஸ்டனின் மனைவி கிறேஸ் மரணப் பதிவு கேட்டு வழக்குப் போட்டாள். புல்மோட்டையில் மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கட்டுவதற்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். பதிவு கிடைத்தால்தான் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கலாம். ஓலை வாசித்தால்தான் கலியாணம். இனியும் தள்ளினால் தன்னால் ஏலாது என்று அவர் சொல்லியிருந்தார்.

வழக்குப் போட்டு இரண்டு கிழமையில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள், தங்கரத்தினம் அம்மாவின் கையில் இந்தச் சேர்ட் இருந்தது. யாரோ ஒரு கப்பல்காரன் படலையில் நின்று தந்தானாம். மகன் பர்மாவில் சிறையில் இருக்கிறானாம். அந்தக் கப்பல்காரனை வேறு ஒருவரும் காணவில்லை. ஆனால் கொலரின் உட்பக்கம் சிவப்பு நூலில் ‘ஜெ’ என்ற எழுத்து இருந்தது. படகுக்காரரின் உடுப்பெல்லாம் ஒரே கொடியில் கலந்து காயும் என்பதால் பெண்சாதிமார் இப்படி அடையாளம் தைத்து விடுவார்கள். தைத்தது கிறேஸ்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆகவே சேர்ட் அவனுடையது, அவன் உயிரோடு இருக்கிறான், பதிவு கொடுக்கக்கூடாது. இதுதான் எங்கள் வழக்கு. எங்கள் கட்சிக்காரர் தாய்.

மாமியும் மருமகளும் இன்னமும் இதே வீட்டில், ஒரே குசினியில்தான் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் கதை மட்டும் இல்லை.

“கவனம்” என்று சேர்ட்டை நீட்டினார் அம்மா. “அது இன்னும் வேர்க்குது.”

வாங்கினேன். உண்மையாகவே ஈரமாக இருந்தது. மழை விட்டு மூன்று கிழமை. முற்றத்துக் கொடியில் கிடந்த துவாய் மொடமொடவென்று காய்ந்திருந்தது. இந்தச் சேர்ட் மட்டும் சற்றுமுன் யாரோ கழற்றிப் போட்டது போல என் விரலில் குளிர்ந்தது. ஒரு கணம் எனக்கே மயிர் கூச்செறிந்தது. அதனால் கோபம் வந்தது.

“பின்னேரம் தாறன்” என்று சொல்லிவிட்டு, அவர் மனம் மாறுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஊருக்குள் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று ஓட்டோ சீற்றின் உறையை நக்கிக்கொண்டு நின்றது.

“விலகம்மா, இது உனக்குப் புல்லில்ல” என்று அதைத் தள்ளினார் றொபேட் அண்ணன். “எங்க தங்கச்சி?”

“உள்துறைமுக வீதி. ஸாலிஹாவிட்ட.”

*

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சமூகவியல், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. பட்டமளிப்பு அன்று மூதூரில் எங்கள் ஒழுங்கை முழுவதும் சோறு சாப்பிட்டது. அரச நியமனம் வரும் வரும் என்று நாலு வருஷம் போய், இப்போது இல்லாத ஆட்களின் சேர்ட்டைப் படம் எடுக்கிறேன். ஸாலிஹா என்னோடு படித்தவள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் இரண்டு தரம் பெயில். இன்று ஹோட்டல்களுக்குத் தோய்க்கும் லோண்டறியில் எட்டுப் பேருக்கு மேலே நிற்கிறாள். துணியைத் தொட்டால் அதன் சாதகம் சொல்வாள்.

“என்னடி, பட்டதாரிக்கு உடுப்புத் தோய்க்கத் தெரியல்லயா?”

“பகிடிய விடு. இந்தச் சேர்ட் ஆறு வருஷம் எங்க இருந்தது எண்டு சொல்லு.”

“அதுக்கிட்டயே கேக்கலாமே. நான் என்ன, சாத்திரக்காரியா?” என்றவள் அதை வாங்கி, அயன் மேசையில் விரித்து, கீழ் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள். “கடல் தண்ணி. நல்ல தண்ணில அலசாமக் காய வச்சிருக்கு. பருத்தில உப்பு நிண்டா அது காத்தில இருக்கிற ஈரத்த இழுத்துக்கொண்டே இருக்கும். உலகமே காஞ்சாலும் இது காயாது.”

“தாய் வேர்வை எண்டு சொன்னவ” என்றார் றொபேட் அண்ணன்.

“வேர்வையும் உப்புத்தானே அண்ணன். அவ பெரிசாப் பிழை சொல்லல்ல.”

நான் மேசைக்குக் கிட்டப் போனேன். “அப்ப இது கடல்ல விழுந்த சேர்ட்டா? அவன் போட்டிருந்ததா?”

“பொறுடி. படிச்சவளுக்கு அவசரம்.” கொலரை விரித்தாள். “ஆள் போட்ட பருத்தி எங்க மஞ்சளாகும்? கழுத்தில, கக்கத்தில. இங்க பாரு, கழுத்தும் கக்கமும் பால் மாதிரி. மஞ்சள் எங்க இருக்கு?”

குனிந்து பார்த்தேன். மார்பின் குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. கைகள் மடிந்த இடத்தில் இரண்டு. இஸ்திரிப் பெட்டிக்கும் போகாத மஞ்சள் கோடுகள்.

“மடிப்பில” என்றேன்.

“ஓம். மாத்தி மடிக்காம, ஒவ்வொரு தரம் தோய்ச்சாலும் அதே மடிப்பில வருஷக்கணக்கா வச்ச சேர்ட். இந்த மேல் தோலப் பாரு, அங்கங்க சுரண்டின மாதிரி. அலுமாரிக்குள்ள வெள்ளி நிறத்தில ஒரு பூச்சி ஓடுமே, அதுட வேலை. அதுக்குப் பருத்தியில ஆசையில்ல. கஞ்சியிலதான் ஆசை.” தண்ணீரில் விரல் நனைத்து, கொலர் ஓரத்தைத் தேய்த்து, என் விரலிலும் தேய்த்தாள். வழவழவென்றது. “சோத்துக் கஞ்சி. நல்லாத் தடிப்பாப் போட்டிருக்கு. ஒரு தரம் கடல்ல முக்கினதுக்கு இது போகல்ல. ஆறு வருஷம் போட்டுத் தோய்ச்ச சேர்ட்டில இது நிக்குமா?”

“பர்மாச் சிறையிலயும் கஞ்சி குடுப்பாங்கள்தான்” என்றார் றொபேட் அண்ணன். “ஆனா சேர்ட்டுக்குக் குடுப்பாங்களோ தெரியாது.”

ஸாலிஹா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் கஞ்சி, பிறகு பூச்சி, எல்லாவற்றுக்கும் பிறகு உப்பு. காயங்களை வரிசைப்படி அடுக்கினால் கதை வந்துவிட்டது. இந்தச் சேர்ட் படகில் ஏறவே இல்லை. அலுமாரியிலிருந்து நேரே கடலுக்குப் போய், கடலிலிருந்து நேரே கோட்டுக்குப் போகப் பார்த்தது.

“எந்த அலுமாரி?”

ஸாலிஹா சேர்ட்டைப் புரட்டினாள். முதுகில் இரண்டு மண்ணிறப் பட்டைகள். நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. “தட்டில கடதாசி விரிக்காம வச்சிருக்கு. வெறும் மரம் பருத்தியில கறை விடும். ரெண்டு பலகை, நடுவில இடைவெளி. அந்தத் தட்டத் தேடிப் பிடி.”

நான் படம் எடுத்தேன். படம் எடுக்கத்தானே அனுப்பினார்கள்.

ஸாலிஹா இன்னும் சேர்ட்டை விடவில்லை. அவளுக்கு ஏதோ ஒத்துவரவில்லை. “விளங்கல்லடி. இவ நல்லாத் தோய்க்கத் தெரிஞ்சவ. அளவா நீலம் போட்டிருக்கா, நிழல்ல காய வச்சிருக்கா, பொத்தான் ஒண்டும் உடையல்ல. இப்பிடி ஒருத்தி, வைக்கிற உடுப்புக்குக் கஞ்சி போட மாட்டா. வைக்கிறதெண்டா கஞ்சியக் கழுவி, பழைய பருத்திச் சீலையில சுத்தி, வேப்பம் இலை போட்டுத்தான் வைக்கணும். கஞ்சி போடுறது நாளைக்கு உடுக்கிற உடுப்புக்கு.”

பின்னால் இயந்திரம் ஹோட்டல் விரிப்புகளை உருட்டிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு வருவான் எண்டு போட்டிருக்கு” என்றார் றொபேட் அண்ணன். “ஒவ்வொரு தரமும்.”

அப்போது போன் அடித்தது. சட்டத்தரணி.

“சேர்ட்ட வாங்கிக்கொண்டு போயிட்டியாம். அந்த மனிசி எனக்குக் கோல் எடுத்து அழுகுது. நான் என்ன சொன்னனான்?”

“சேர், இது அலுமாரில இருந்த சேர்ட். ஆரோ கடல்ல முக்கி...”

“அது எங்க இருந்தது எண்டு நான் உன்னக் கேட்டனானா?” குரல் உயரவில்லை. அவருக்கு முன்பே தெரியும் என்று அந்தக் குரலில் விளங்கியது. “சேர்ட் அவன்ட. அது உண்மை. அதத்தான் எழுதச் சொன்னனான். மிச்சத்த அவங்கட லோயர் கேக்கட்டும். கேக்காட்டி எங்களுக்கு நல்லம். நாலு மணிக்கு ஒப்பீசில சேர்ட் இருக்கணும்.”

வைத்துவிட்டார்.

“இத உன்னிட்ட வச்சிரு” என்றேன் ஸாலிஹாவிடம். “நான் சொல்லாம ஒண்டும் செய்யாத.”

*

மத்தியானம். தங்கரத்தினம் அம்மா மருந்து குடித்துவிட்டுப் படுத்திருந்தார். கிறேஸ் படிப்பிக்கும் முன்பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்துநாலு வயது இருக்கும். எதிர்க்கட்சியின் ஆள் நான் என்று தெரிந்தும் உள்ளே வரச் சொன்னாள்.

“உங்கட அலுமாரியப் பாக்கணும் அக்கா.”

ஏன் என்று கேட்கவில்லை. திறந்தாள். கீழ்த் தட்டில் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பொதி. அதைத் தூக்கினேன். இரண்டு பலகைகள், நடுவில் விரல் அகல இடைவெளி. போனிலிருந்த படத்தைப் பக்கத்தில் பிடித்தேன். பட்டைக்குப் பட்டை சரி.

“கண்டுபிடிச்சாச்சு” என்றார் றொபேட் அண்ணன், வெற்றி இல்லாத குரலில்.

பொதியை அவிழ்த்தேன். வெள்ளைச் சேர்ட்டுகள், பத்து. மடிக்கவில்லை, தளர்வாகச் சுருட்டியிருந்தது. வேப்பம் இலை காய்ந்து பொடிந்திருந்தது. ஒன்றை எடுத்து நனைத்த விரலால் தேய்த்தேன். வழவழப்பு இல்லை. வெறும் பருத்தி.

“இதுகளில கஞ்சி இல்ல.”

“இல்ல” என்றாள் கிறேஸ். “முந்தி இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கஞ்சி போட்ட சேர்ட் இல்லாமப் போக மாட்டார். எந்த நேரம் வந்தாலும் எடுத்துப் போடக்கூடியமாதிரி இருக்கட்டும் எண்டு வருஷத்துக்கு ரெண்டு தரம் தோய்ச்சு, கஞ்சி போட்டு வச்சனான். பூச்சி அரிக்கும் எண்டு தெரியும். தெரிஞ்சுதான்.”

“பிறகு?”

“போன கார்த்திகை ரெண்டாம் திகதி. செத்த ஆத்துமாக்களுக்குப் பூசை குடுக்கிற நாள். கோயிலால வந்து எல்லாத்தையும் கூடையில எடுத்து வச்சன், கஞ்சியக் கழுவிறதுக்கு.” அலுமாரிக் கதவின் பூட்டை விரலால் தடவினாள். “பதினொண்டு எடுத்து வச்சனான். கொடியில பத்துத்தான் காஞ்சுது.”

எனக்கு வேகம் வந்துவிட்டது. “மாமிதான். அவதான் எடுத்தவ. மார்கழியில நீங்க வழக்குப் போட்ட உடன கடல்ல முக்கி, கப்பல்காரன் எண்டு கதை கட்டியிருக்கிறா. கப்பல்காரனும் இல்ல, பர்மாவும் இல்ல. என்னிட்ட எல்லாம் இருக்கு அக்கா. பலகை, கஞ்சி, பூச்சி, உப்பு. நாளைக்குக் கோட்டில உங்கட லோயர் இதக் கேட்டாலே காணும்.”

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். என் மடத்தனம்.

“எனக்குத் தெரியும்” என்றாள் கிறேஸ்.

“என்னது?”

“நத்தாருக்கு ரெண்டு நாள் முந்தி, விடியக் கண்டனான். முழங்கால் ஏலாத மனிசி, துறைமுகக் கரையில பாசிக் கல்லுப் பிடிச்சு இறங்கி, இடுப்பளவு தண்ணில நிண்டு முக்கினவ. முக்கிப்போட்டு அத நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு கன நேரம் நிண்டவ. நான் கூப்பிடேல்ல. வீட்ட வந்து தேத்தண்ணி போட்டு வச்சனான்.”

“ரெண்டு மாசமா ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?”

“என்னெண்டு சொல்ல? நீதவானுக்கு முன்னால, இவ பொய்க்காரி எண்டு நான் கை நீட்டவோ? அவ அதக் களவெடுக்கேல்ல தங்கச்சி. நான் கஞ்சியக் கழுவேக்க, ஒண்டக் காப்பாத்தினவ.” அலுமாரியை மூடினாள். “வழக்குத் தோக்கட்டும். புல்மோட்டைக்காரருக்கு இண்டைக்குப் பின்னேரம் சொல்லப்போறன், பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம் எண்டு.”

“இன்னும் முப்பது வருஷம் இந்த அறையில இருக்கப் போறீங்களா? வராத ஆளுக்கு?”

“கத்தாதீங்கோ. அவ எழும்பிருவா.”

கத்தத்தான் தோன்றியது. நாலு வருஷம் படித்து, காலை முழுக்க மோப்பம் பிடித்து, கையில் முழு உண்மையும் இருக்கிறது. அதைப் பாவிக்கக்கூடிய ஒரே ஆள் வேண்டாம் என்கிறாள். சொன்னால் கிழவி கோட்டில் பொய்க்காரி. சொல்லாவிட்டால் இவளுக்கு இந்த அறை. சட்டத்தரணிக்கு வெற்றி.

போனை எடுத்து ஸாலிஹாவுக்கு ஒரு வரி எழுதினேன். ‘சரி’ என்று உடனே பதில் வந்தது. பலகையின் படத்தையும் சேர்ட்டின் படங்களையும் அழித்தேன். பிறகு திறப்புக் கோர்வையிலிருந்து ஒப்பீஸ் பூட்டின் திறப்பைக் கழற்றி வேறாகக் கையில் வைத்துக்கொண்டேன்.

றொபேட் அண்ணன் அந்தத் திறப்பைப் பார்த்தார். “காலையில ‘வேலை போச்சு’ எண்டு சொன்னது பகிடிக்குத் தங்கச்சி” என்றார்.

அறை வாசலில் நிழல் விழுந்தது. தங்கரத்தினம் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“பின்னேரம் தாறன் எண்டு சொன்னனி. என்ட பிள்ளைட சேர்ட் எங்க?”

“தண்ணில அம்மா.”

அவருக்கு விளங்கவில்லை. கிறேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“லோண்டறியில நல்ல தண்ணில போடச் சொல்லிட்டன். ரெண்டு தரம் அலசுவாங்க. உப்பு எல்லாம் போயிடும். தோய்ச்சுப் பழுதாக்கின சாட்சிய நீதவான் எடுக்க மாட்டார், இனி அது கோட்டுக்கு உதவாது. காட்டுறதுக்கு ஒண்டும் இல்லாட்டி நாளைக்குப் பதிவு குடுத்திருவாங்க. நீதவான் கேட்டா, றிஷானா எண்ட பெட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பழுதாக்கிப் போட்டாள் எண்டு சொல்லுங்க. அது பொய் இல்ல. நீங்க வேற ஒண்டும் சொல்லத் தேவையில்ல.”

அம்மா என்னைத் திட்டினார். நாசமாய்ப் போவாய் என்றார். உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது கடலுக்குப் போய், நீ கரையில் நிற்க வேண்டும் என்றார். அசையாமல் நின்றேன். யாராவது ஒருவர் வாங்க வேண்டிய பேச்சு அது. மருமகள் வாங்குவதைவிட நான் வாங்குவது நல்லது.

மூச்சு முட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விலை கேட்பதுபோல மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

“தோய்ச்சுப்போட்டு, கஞ்சி போடுவினமோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

“இல்லம்மா” என்றேன். “போட மாட்டாங்க.”

அவர் கட்டிலின் விளிம்பில் மெல்ல இருந்தார். கை இரண்டும் மடியில், காலையில் சேர்ட்டைப் பிடித்திருந்த அதே மாதிரி, ஒன்றுமில்லாமல் கிடந்தன. கிறேஸ் எனக்கு நன்றி சொல்லவில்லை. புல்மோட்டைக்கு என்ன சொல்லப் போகிறாள் என்றும் சொல்லவில்லை. என்னைக் கடந்து குசினிக்குப் போனாள். சோற்றுப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைக்கும் சத்தம். இரண்டாவது கோப்பைக்காகக் காது கொடுத்தேன். கேட்கவில்லை.

என் போன் அடிக்கத் தொடங்கியது.

“சேர்தான்” என்றார் றொபேட் அண்ணன். “எடுக்கேல்லயோ?”

“திறப்ப நேர போய்க் குடுக்கிறதுதான் மரியாதை.”

“பெற்றோல் காசு இனி ஆர் தாறது?”

திறப்பைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, செருப்பைப் போட்டு, படலையைத் திறந்து நடந்தேன்.